வலது தாடையும் கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது: பல்லா, கழுத்தெலும்பா, வேறு ஏதாவதா?

ஆரிமணி | ஆகஸ்ட் 19, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 44. ஐந்து வாரமாக வலது தாடையும் அதே பக்கத்துக் கழுத்தும் வலிக்கின்றன. காதுக்கு முன்னால் ஆரம்பித்து, தாடை மூலை வழியாக இறங்கி, தோள்பட்டை வரை இழுக்கிறது. கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

முதலில் காதுவலி என்று நினைத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்றார். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, ஞானப்பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, பிடுங்கிவிடலாம் என்றார்கள். எலும்பு மருத்துவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று சொல்லிக் காலர் போடச் சொன்னார். மூன்று இடத்தில் மூன்று பதில். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு கல்யாண ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருக்கிறேன், எல்லாமே ஆரி வேலை, அதாவது ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டிப் போடும் எம்பிராய்டரி. பல்லைப் பிடுங்கிவிட்டுப் படுத்திருக்க முடியாது. ஆனால் வலியோடும் உட்கார முடியவில்லை. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மாதிரி வலி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


நொய்யல்கரை | ஆகஸ்ட் 19, இரவு 10.52

அக்கா, தலையணையை மாற்றிப் பாருங்கள். எனக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்ததால்தான் கழுத்து பிடித்தது. ஒன்றாகக் குறைத்ததும் பத்து நாளில் சரியாகிவிட்டது.


கரிசல்காட்டான் | ஆகஸ்ட் 19, இரவு 11.30

அக்கா, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறது என்று படித்ததும் எழுதாமல் தூங்க மனம் வரவில்லை.

என் அப்பாவுக்கு 62 வயதில் கீழ்த்தாடை வலி வந்தது. அவருக்கும் சர்க்கரை உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போவார். வழியில் மூன்றாவது கரண்ட் கம்பம் வந்ததும் நின்றுவிடுவார். இரண்டு பக்கத் தாடையையும் கையால் பிடித்துக்கொள்வார். இரண்டு மூன்று நிமிடம் நின்றால் போய்விடும், அப்புறம் நடப்பார். நாங்கள் எல்லாரும் பல்வலி என்றே நினைத்தோம். கிராம்புத் தைலம் தடவினோம். ஒரு பல் மருத்துவமனையில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியும்விட்டார்கள். மறுவாரமும் அதே கம்பத்துக்கிட்டே அதே வலி.

ஒரு நாள் விடியற்காலையில் உட்கார்ந்த நிலையிலேயே தாடையும் கழுத்தும் இறுக்கிப் பிடித்து, சட்டை முழுக்க நனையும்படி வியர்த்தது. மார்வலி என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. 108-ஐக் கூப்பிட்டோம். மாரடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அந்தக் கம்பத்தைத் தாண்டி நடக்கிறார்.

அதனால் கேட்கிறேன். மாடிப்படி ஏறினால், வேகமாக நடந்தால் வலி கூடுகிறதா? உட்கார்ந்தால் குறைகிறதா? எப்படி இருந்தாலும் நாளைக்குக் காலையில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.


ஆரிமணி | ஆகஸ்ட் 19, இரவு 11.48

தம்பி, படித்ததும் கை நடுங்கிவிட்டது. மாடிப்படியைப் பற்றி இதுவரை கவனித்ததே இல்லை. காலையில் போகிறேன்.


பல்வைத்தியர்_வேலூர் | ஆகஸ்ட் 20, காலை 6.40

கரிசல்காட்டான் கேட்ட கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது. இருபது வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். தாடைவலி என்று வந்தவர்களில் இரண்டு பேரை நாற்காலியில் சாய்க்காமலே இதய மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

இதயத்திலிருந்து வரும் தாடைவலி பெரும்பாலும் அழுத்துகிற மாதிரி, இறுக்குகிற மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பரவுவது அதிகம். உடம்புக்கு வேலை கொடுத்தால் வரும், ஓய்வெடுத்தால் போகும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மார்வலி இல்லாமலே இது வரலாம். உட்கார்ந்திருக்கும்போதே வந்து, வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல் சேர்ந்தால் 108-தான். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும், சில மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜியும் பார்ப்பார்கள். “நார்மல்” என்ற ஒரு சொல்லோடு அவசரமாக எழுந்து வந்துவிடாதீர்கள்.

அது இல்லை என்று தெரிந்த பிறகு உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். வலி எங்கே இருக்கிறது என்று நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. தாடை, காது, கழுத்து மூன்றும் நரம்பு வழியில் பக்கத்து வீட்டுக்காரர்கள். முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஐந்தாவது மூளை நரம்பின் செய்தி, கழுத்தின் மேல்பகுதித் தண்டுவடம் வரை இறங்கி வருகிறது. கழுத்தின் முதல் மூன்று நரம்புகளின் செய்தியும் அங்கேயேதான் வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கலந்து மேலே போவதால், வலி கிளம்பிய இடம் எது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கழுத்தில் கோளாறு இருந்தால் தாடை வலிக்கும். தாடையில் கோளாறு இருந்தால் கழுத்து வலிக்கும். ஆகவே இடத்தை வைத்து மட்டும் முடிவெடுத்தால் மூன்று மருத்துவர் மூன்று பதில் சொல்வதில் ஆச்சரியமே இல்லை.

மூன்று நாளைக்கு நேரத்தைக் குறித்து வையுங்கள். எழுந்ததும், சாப்பிடும்போது, வேலையின்போது, படுக்கும்போது எப்படி இருக்கிறது என்று. ஞானப்பல் அதுவரை அங்கேயே இருக்கட்டும். ஆனால் தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமை வந்தால் மூன்று நாள் காத்திருக்காதீர்கள். கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழாயையே அடைக்கும். அன்றைக்கே மருத்துவமனை.


யாழ்வாசகி | ஆகஸ்ட் 20, காலை 9.05

அக்கா, வைத்தியர் சொன்ன ‘எப்போது’ என்ற கேள்வியை என்னட்டை யாரும் ஒரு வருசமாகக் கேட்கவில்லை. எனக்கு வலப்பக்கத் தாடைக்குக் கீழே வலிக்கும், கழுத்தும் சேர்ந்து இழுக்கும். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்ததுமே தொடங்கும். மாங்காய்ச் சம்பல் எண்டால் வாயில் வைக்க முன்னமே தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீங்கிவிடும். ஒரு மணித்தியாலம் போக வத்திவிடும்.

கடைசியில் வயதான வைத்தியர் ஒருவர் தேசிக்காய்த் (எலுமிச்சை) துண்டு ஒன்றைத் தந்து நக்கச் சொன்னார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே வீங்கியது. எச்சில் சுரப்பிக் குழாயில் கல். நாக்குக்கு அடியில் சின்னதாகக் கீறி எடுத்தவை. குரக்கன் (கேழ்வரகு) மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்காக ஒரு வருசம் பல்லையும் கழுத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் இருப்பவர்கள் அவசரத்துக்கு 1990 இலக்கத்தைக் குறித்து வையுங்கோ.


ஆரிமணி | ஆகஸ்ட் 20, மாலை 5.20

ஈசிஜி, எக்கோ எடுத்தார்கள். ரத்தமும் பார்த்தார்கள். டிரெட்மில்லில் ஓட வைத்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஓடும்போது தாடை வலி கூடவில்லை. சர்க்கரைதான் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கரிசல்காட்டான் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரம் குறிக்க ஆரம்பித்துவிட்டேன்.


கோவை_செவிலியர் | ஆகஸ்ட் 20, இரவு 8.10

மணி கண்ணு, நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீ ஊசியோடு வேலை செய்கிறவள் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஊசி குத்தினாலும் குத்தாவிட்டாலும், தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரண ஜன்னி (டெட்டனஸ்) நோயாளிகளுக்கென்றே ஒரு வார்டு உண்டு. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு மறைத்திருப்போம். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளையும். டிரேயை ஓசைப்படாமல் வைக்க எங்களுக்குத் தனியாகப் பழக்குவார்கள். அங்கே வந்த அநேகம் பேர் சொன்ன முதல் தொந்தரவு என்ன தெரியுமா? “வாயைத் திறக்க முடியவில்லை, கழுத்து விறைக்கிறது.” காலில் எப்போதோ குத்திய ஆணியை மறந்தே போயிருப்பார்கள். ஐந்து வாரமாக இருக்கும் உன் வலி அது இல்லை, அது நாள் கணக்கில் முற்றிவிடும். ஆனாலும் பத்து வருடத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள். இப்போது டிடி என்று தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே போடுகிறார்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். வாந்திக்கு ஊசியோ மாத்திரையோ கொடுத்த சில மணி நேரத்தில் வாய் ஒரு பக்கம் கோணி, கழுத்து திருகி, கண் மேலே செருகிவிடும். முக்கியமாகச் சின்ன வயசுக்காரர்களுக்கு. வீட்டில் பேய் பிடித்தது என்று அலறிக்கொண்டு தூக்கி வருவார்கள். மெட்டோகுளோபிரமைடு மாதிரியான மருந்து செய்கிற வேலை அது. மாற்று ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேராகிவிடும். கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டார் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.


நொய்யல்கரை | ஆகஸ்ட் 21, காலை 7.30

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி நெட்டி எடுத்துவிடுவார்கள். பிடிப்பு விட்ட மாதிரி இருக்கும். ஆரிமணி அக்காவுக்கு யாராவது அந்த மாதிரிச் செய்துவிட்டால்?


இயன்முறை_செல்வி | ஆகஸ்ட் 21, காலை 8.15

தயவுசெய்து வேண்டாம். நான் இயன்முறை மருத்துவர், ஆகவே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மூளைக்குப் போகும் நான்கு ரத்தக்குழாய்கள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன. அதில் இரண்டு, கழுத்தெலும்பின் ஓட்டைகளுக்குள்ளேயே நுழைந்து போகின்றன. திடீரென்று திருகினால் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்து முடி அலசிய பிறகு பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி 1993-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் வராது. வந்தவருக்கு அந்த ஆறுதல் பயன்படாது.

இதுவரை அனுபவித்திராத கடுமையான வலி ஒரு பக்கக் கழுத்திலும் தாடையிலும் திடீரென்று வந்து, அதே பக்கக் கண்ணிமை தொங்கினால், பேச்சு குழறினால், தலை சுற்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஆரிமணி அக்கா, ஆரி ஸ்டாண்டில் எப்படி உட்காருகிறீர்கள்? தரையிலா, நாற்காலியிலா? கண்ணுக்கும் துணிக்கும் எவ்வளவு தூரம்?


ஆரிமணி | ஆகஸ்ட் 23, இரவு 9.30

மூன்று நாள் குறித்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் எழும்போதே தாடை கெட்டியாக இருக்கிறது, இரண்டு நெற்றிப்பொட்டும் விண்ணென்று இருக்கின்றன. பத்து மணிக்குள் இளகிவிடுகிறது. மத்தியானம் பரவாயில்லை. நான்கு மணிக்கு மேல், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆரி போட்ட பிறகு கழுத்தில் ஆரம்பித்துத் தாடைக்கு ஏறுகிறது. சோறு சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. சப்பாத்தி, முறுக்கு என்றால் வலிக்கிறது. மாடிப்படிக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை. புளிப்புக்கும் இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாகச் சொன்னார். “ரெண்டு வருசமாவே கடிக்கிறயே, உனக்குத் தெரியாதா?” என்றார். பூச்சி இருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்தாராம்.

செல்வி, தரையில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறேன். ஸ்டாண்டு தாழ்வாக இருக்கும். ஜர்தோசி, சின்ன மணியெல்லாம் கோக்கும்போது முகம் துணிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். நூல் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைக்க நேரமாகும் என்று பல்லாலேயே கடித்துவிடுவேன். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வேன். பதினைந்து வயதில் தொழில் கற்ற நாளிலிருந்து இதே பழக்கம்தான்.


பல்வைத்தியர்_வேலூர் | ஆகஸ்ட் 23, இரவு 10.20

அம்மா, ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போங்கள். மேல் முன்பற்களின் கீழ் விளிம்பைப் பாருங்கள். ஏதாவது ஒரு பல்லில் சின்ன வெட்டு மாதிரி இருக்கிறதா?


ஆரிமணி | ஆகஸ்ட் 23, இரவு 10.41

இருக்கிறது டாக்டர். வலது முன்பல்லில், நடுவில் ஆங்கில ‘வி’ மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பட்டுநூலை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி அதில் போய் உட்காருகிறது. இத்தனை வருடம் இதே பல்லைத் துலக்கியிருக்கிறேன், பார்த்ததில்லை.


பல்வைத்தியர்_வேலூர் | ஆகஸ்ட் 23, இரவு 11.10

தையல்காரர்களுக்கு இந்தப் பள்ளம் விழுவது பல் மருத்துவத்தில் தெரிந்த விஷயம். நூலைக் கடிக்கக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, ஒரு பக்கமாகச் சாய்த்து, விளிம்போடு விளிம்பு வைத்துக் கடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சுண்டுவிரலைக் காதுக்கு முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் எலும்பு உருளும். அதுதான் தாடை மூட்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சின்ன வட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் விழுவதுதான் உங்கள் ‘டக்’. வலி இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லை. உங்களுக்கு மென்று தின்னும் தசைகளும் களைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். காலையில் தாடை கெட்டியாக இருப்பது, நெற்றிப்பொட்டில் வலி, இரவில் பல் கடிப்பது எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. ஆனால் நான் உங்கள் வாயைப் பார்க்கவில்லை. தாடை மூட்டுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவர் தசையைத் தொட்டு அழுத்திப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். உதடு சேர்ந்திருக்கட்டும், பல் சேரக் கூடாது. நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். சாப்பிடாத நேரத்தில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் வேலையே இல்லை. சிலவகை மனச்சோர்வு மாத்திரைகளும் பல் கடிப்பதைக் கூட்டும், சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.


இயன்முறை_செல்வி | ஆகஸ்ட் 24, காலை 7.00

ஒரு சாண் தூரம் என்று படித்ததுமே எனக்குக் கழுத்து வலித்தது அக்கா. நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் பாரம் 27 கிலோ என்று 2014-இல் கணினியில் போட்ட ஒரு கணக்கு உண்டு. தலை முன்னால் போனால் கீழ்த்தாடை பின்னால் இழுபடும், தாடைத் தசை அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்டாண்டைச் செங்கல் வைத்தாவது உயர்த்துங்கள். துணி உங்கள் நெஞ்சுக்கு நேராக வரட்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? 44 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். கண்ணாடி இல்லாததால் குனிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


முத்துநகர்_ஓட்டுநர் | ஆகஸ்ட் 29, இரவு 11.50

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கும் தாடை இறுக்கம் உண்டு. வலி பெரிதாக இல்லை. வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது. இதுவும் மூட்டுதானா? லாரி ஓட்டுகிறேன், தூக்கம் வராமல் இருக்கப் பாக்கு போடுவேன்.


பல்வைத்தியர்_வேலூர் | ஆகஸ்ட் 30, காலை 6.15

சகோதரரே, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் அதை மூட்டு என்று விட்டுவிட முடியாது.

காரம் எரிவதும் வாய் சுருங்குவதும் சேர்ந்தால் பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நார்நாராக இறுகும் நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது, சாதாரணப் பாக்கு இன்னும் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த வாரமே அரசுப் பல் மருத்துவமனையில் காட்டுங்கள். இறுகியது முழுக்க இளகாது, ஆனால் நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் சதை எடுத்துப் பார்ப்பார்கள், அதற்குப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள்.


முத்துநகர்_ஓட்டுநர் | ஆகஸ்ட் 30, காலை 6.32

இரண்டு விரல்தான் போகிறது. திங்கட்கிழமை லோடு இறக்கிவிட்டுப் போகிறேன்.


கோவை_செவிலியர் | ஆகஸ்ட் 30, காலை 7.05

திங்கட்கிழமை போய்விட்டு இங்கே வந்து எழுது கண்ணு. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.


முத்துநகர்_ஓட்டுநர் | செப்டம்பர் 4, இரவு 10.10

போய் வந்தேன் அம்மா. டாக்டர் ஐயா சொன்ன நோய்தான். புண் எதுவும் இல்லை. மாத்திரை, வாய்ப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், மாதம் ஒரு தடவை வரச் சொன்னார்கள். பாக்கு போட்டு ஐந்து நாள் ஆகிறது. ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டுப் பகல் டிரிப் கேட்டிருக்கிறேன்.


ஆரிமணி | அக்டோபர் 27, மாலை 4.45

எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். முகூர்த்தம் முடிந்து, அப்புறம் தீபாவளி ஆர்டர்.

தாடை மூட்டு பார்க்கும் மருத்துவரிடம் போனேன். கன்னத்துத் தசையில் ஒரு இடத்தை அழுத்தினார், கழுத்து வரை வலி ஓடியது. “ஐந்து வாரமாக நீங்கள் சொல்கிற வலி இதுதானே?” என்றார். அதேதான். ஞானப்பல்லில் சொத்தையோ சீழோ இல்லை, இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அச்செடுத்து, இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை, நைட் கார்டு என்பார்கள், செய்து கொடுத்தார். கடிப்பதை இது நிறுத்தாது, பல் தேயாமல் காப்பாற்றும் என்று தெளிவாகவே சொன்னார். கண்ணாடியும் போட்டாயிற்று, செல்வி சொன்னது சரி.

ஸ்டாண்டு இப்போது மேசை உயரத்தில் இருக்கிறது. பல் சேர்ந்திருக்கிறதா என்று ஞாபகப்படுத்த மிஷினில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரித்துக்கொள்வேன். முதல் வாரம் பார்த்தபோதெல்லாம் பல் இறுகியே இருந்தது. இப்போது பத்துத் தடவையில் மூன்று நான்கு தடவைதான்.

கழுத்துவலி முக்கால்வாசி போய்விட்டது. கொட்டாவி விட்டால் ‘டக்’ சத்தம் இன்னும் இருக்கிறது. போன வாரம் ஒரே நாளில் இரண்டு ஜாக்கெட் முடிக்க வேண்டி வந்தது, மறுநாள் தாடை கெட்டியாகத்தான் இருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், இளகியது.


தூத்துக்குடி_தையல் | அக்டோபர் 27, இரவு 8.30

அக்கா, நானும் தையல்தான். இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், எனக்கும் அதே பள்ளம் விழுந்திருக்கிறது. வலி இன்னும் வரவில்லை. நூலைக் கடிக்காமல் எப்படி வெட்டுகிறீர்கள்?


ஆரிமணி | அக்டோபர் 27, இரவு 9.15

தையல் சாமான் கடையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன நூல் கட்டர் கிடைக்கும், ஸ்பிரிங் வைத்தது. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டிருப்போம் இல்லையா, அதன் நுனியில் ஒரு ரிப்பனால் கட்டித் தொங்கவிடு. கையை நீட்டாமலே கிடைக்கும். குண்டூசிக்கு, பஞ்சு அடைத்த சின்ன மெத்தையை இடது மணிக்கட்டில் கட்டிக்கொள். முதல் பத்து நாள் வாய் தானாக நூலுக்குப் போகும். விடாதே.